வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பாடத்தில் ஆங்கிலம்: பன்மொழிக் குழந்தைகளுக்கு ஆசிரியர்களைத் தயார்செய்தல்

மூன்றாம் வகுப்புக் கணக்கு ஒன்று. ரவியிடம் 15 கோலிக்குண்டு, சீமாவிடம் 9. ரவியிடம் எத்தனை அதிகம்? புத்தகத்தில் இது ஆங்கிலத்தில் இருந்தது. ‘ஹவ் மெனி மோர்’ என்று கேட்டிருந்தது. நவி மும்பையின் ஐரோலியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடிச் சிறுமி 24 என்று எழுதி, சிவப்பு மையில் தப்பு வாங்கி வந்திருந்தாள். ஏன் கூட்டினாய் என்று கேட்டேன். “மோர்னு வந்தா ப்ளஸ் பண்ணணும் ஆன்ட்டி, மிஸ் சொல்லியிருக்காங்க” என்றாள். “சரி, ரவிகிட்ட எத்தன ஜாஸ்தி?” என்றேன். “ஆறு.” பென்சிலைக் கையில் எடுக்கக்கூட இல்லை.

அவளுக்குக் கழித்தல் தெரியும். இரண்டு அளவுகளை ஒப்பிடவும் தெரியும். தெரியாதது, ஆங்கிலம் ஒப்பிடும்போது சொற்களை அடுக்கும் விதம் மட்டுமே. ஆனால் விடைத்தாள் சொல்வது ‘கணக்கில் மந்தம்’ என்று. இதே கேள்வி மராத்தியில் ‘கிதி ஜாஸ்த’ என்று வரும். வகுப்பில் அந்த ஒரு சொல்லை ஆசிரியை உச்சரித்திருந்தால் போதும். வீட்டில் தினமும் ஜாஸ்தி, கம்மி என்று கேட்டு வளரும் தமிழ்க் குழந்தைக்கு வழி திறந்திருக்கும். அந்த ஆசிரியையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடத்தின் கருத்து வேறு, பாடத்தின் மொழி வேறு. குழந்தை எதில் தடுக்கி விழுந்தது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இந்தக் கட்டுரையின் கவலை அதுதான். எந்த மொழியில் கற்பிப்பது என்று இந்த நாட்டில் நூறாண்டுக்கு மேலாக வாதாடியிருக்கிறோம். கற்பிக்கிறவரை அந்த வேலைக்கு எப்படித் தயார்செய்வது என்பதற்கு அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கொடுத்ததில்லை.

ஐரோலி இந்தக் கேள்வியைப் பார்க்க நல்ல இடம். மும்பைத் தமிழர் வரலாற்றின் கடைசிப் படி அது. முதல் படிகள் இரண்டு, சமூக நிலையில் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்தவை. தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியில் குடியேறினார்கள். ஆங்கிலமும் தட்டச்சும் தெரிந்து அலுவலக வேலைக்கு வந்தவர்கள் மாட்டுங்காவில் குடியேறினார்கள். மாட்டுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. அங்கே படித்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எழுத்து இருந்தது, ஆங்கிலச் செய்தித்தாள் இருந்தது. தாராவிப் பிள்ளைகளுக்கு மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளி இருந்தது. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என எட்டு மொழிகளில் பள்ளி நடத்திய அமைப்பு. உலகில் அப்படி நடத்திய நகராட்சிகள் அதிகம் இருக்காது. அதற்குரிய மரியாதையை நாம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

1950களில் சுத்திகரிப்பு ஆலைகளும் டிராம்பே அணுசக்தி நிலையமும் வந்த பிறகு செம்பூர் வளர்ந்தது. 1970இல் நகர வளர்ச்சிக் கழகமான சிட்கோ உருவானது, கழிமுகத்துக்கு அப்பால் புதுநகரம் எழுந்தது. தாணே–பேலாப்பூர் சாலைத் தொழிற்பேட்டை, 1992இல் நவி மும்பை மாநகராட்சி, பின்னால் முலுண்டையும் ஐரோலியையும் இணைத்த பாலம், 2004இல் தாணே–வாஷி ரயில், அதன் பிறகு கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். தாராவியின் ‘சால்’ குடியிருப்புகளிலிருந்து ஒரு அறை–சமையலறை வீட்டுக்கு ஐரோலியில் மாறிய குடும்பங்கள் கூடவே இன்னொன்றையும் மாற்றின. நான் அறிந்த வீடுகளில் தாத்தா தமிழ்வழி, அப்பா தமிழ்வழியில் தொடங்கிப் பாதியில் மாறியவர், பேத்தி மழலையர் வகுப்பிலிருந்தே ஆங்கில வழி. 2011 கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஐந்து லட்சத்தைச் சுற்றி. அவர்களின் பேரப்பிள்ளைகளில் தமிழ்வழியில் படிப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகவே ஐரோலியின் ‘ஆங்கிலப் பள்ளி’ என்பது உண்மையில் ஆங்கிலம் கற்போர் பள்ளி. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் வீட்டில் ஆங்கிலம் பேசுகிற குழந்தையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மராத்தி, இந்தி, தமிழ், மலையாளம், தெலுங்கு, குஜராத்தி, போஜ்புரி எல்லாம் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு தனிப்பெயரும் தனிச் சட்டமும் இருக்கின்றன. இங்கே அவர்களுக்குப் பெயரே கிடையாது. எல்லாருமே அப்படித்தான் என்பதால் யாரையும் அப்படிப் பார்ப்பதில்லை.

சட்டத்தில் குறையில்லை. 1956இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்களும் உள்ளாட்சிகளும் முயல வேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழி என்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஐந்தாம் வகுப்புவரை, முடிந்தால் எட்டாம் வகுப்புவரை வீட்டு மொழி என்கிறது. இன்னொரு பக்கம், பயிற்றுமொழியைப் பெற்றோர்மேல் அரசு திணிக்க முடியாது என்று கர்நாடக வழக்கில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. மகாராஷ்டிரம் 2000இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலேயே ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது. 2020இல் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரல் 16 அன்று முதல் வகுப்பிலிருந்து இந்தி மூன்றாம் மொழி என்று ஆணை வந்தது. எதிர்ப்பு மூண்டு, ஜூன் 29 அன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த இரண்டரை மாதச் சூட்டில் மொழியின் மானம் பேசப்பட்டது, மாநிலத்தின் உரிமை பேசப்பட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு முன்னால் மூன்று மொழிகளோடு நிற்கப்போகிற ஆசிரியைக்கு என்ன பயிற்சி என்ற கேள்வி, மேடைகளில் கடைசி வரிசையில்தான் நின்றது.

அந்த ஆசிரியை எங்கே உருவாகிறார் என்று பார்ப்போம். தொடக்க வகுப்புக்கு டி.எல்.எட். பட்டயம், மேல் வகுப்புக்கு பி.எட். பட்டம், இரண்டுக்கும் மேலே தகுதித் தேர்வு. பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி 2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த பாடத்திட்டத்தில் ‘பாடங்களினூடே மொழி’ என்று ஒரு தாள் உண்டு. எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பொதுவானது. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எதைக் கற்பித்தாலும் அதற்குள் இருக்கும் மொழியையும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிரிட்டனில் 1975இல் வந்த புல்லக் அறிக்கையின் வழிவந்த எண்ணம் அது. வீட்டு மொழியைப் பள்ளி ஒதுக்கக் கூடாது என்பதையும் அந்த அறிக்கை அழுத்திச் சொன்னது. நம் ஊரில் அது அரைத்தாள். மற்ற தாள்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதி. மூன்றாவது மாடிச் சிறுமியின் 24 என்ற விடையை விளங்கிக்கொள்ளத் தேவையான அறிவு முழுவதும் அந்த அரைத்தாளில் அடங்கியிருக்கிறது. அதைக் கற்பிக்கும் பேராசிரியரே ஒருமொழி வகுப்பை மனத்தில் வைத்துப் பேசினால், அந்தப் பாதியும் கரைந்துபோகும்.

மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வின் பாடத்திட்டத்தைக் கவனித்துப் படித்தால் இன்னொன்று தெரியும். 150 கேள்விகளில் இரு மொழிகளுக்கும் சேர்த்து 60. ஒவ்வொரு மொழிப் பகுதியிலும் பாதி, மொழி கற்பித்தல் முறைக்கு. அதில் பன்மை நிறைந்த வகுப்பில் மொழி கற்பிக்கும் சவால்கள் என்று ஒரு வரி. அதோடு ஒட்டி, மொழிச் சிரமங்கள், பிழைகள், குறைபாடுகள் என்று இன்னொன்று. வேறு மொழி வீட்டிலிருந்து வந்த குழந்தை செய்யும் இயல்பான பிழையும், மருத்துவர் பார்க்க வேண்டிய குறைபாடும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கின்றன. பரீட்சைக்காக அந்த வரியை மனப்பாடம் செய்தவர் வகுப்பில் இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பேசாமல் உட்கார்ந்திருக்கும் தமிழ்க் குழந்தையின் பெற்றோரிடம் “டாக்டரிடம் காட்டுங்கள்” என்று சொல்லப்படுவது இந்தக் குழப்பத்திலிருந்துதான் பிறக்கிறது. புதுமொழிச் சூழலில் ஒரு குழந்தை சில மாதங்கள் கேட்டுக்கொண்டே மௌனமாக இருப்பது இயல்பு என்று மொழியியலாளர்கள் எழுதிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

பயிற்சிக் கல்லூரிகளின் தரம் தனிக்கதை. உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை தந்தது. அது பிறக்கக் காரணமே மகாராஷ்டிரத்தில் தொடங்க முனைந்த 291 ஆசிரியர் பட்டயக் கல்லூரிகள் பற்றிய வழக்கு. நேரில் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை தகுதியற்றவை என்று தெரிந்தது. நல்ல பாடத்திட்டம் எழுதினாலும் அதை ஏந்துகிற கை இதுதான் என்பதை மறக்க முடியாது.

இந்தியாவில் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார்செய்த முயற்சிகளே இல்லையா என்றால், உண்டு; அதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடமும் உண்டு. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து, தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் இயக்கத்தைத் தொடங்கின. சிலருக்கு முதலில் ஆழமாகப் பயிற்சி, அவர்கள் தங்கள் மாவட்டத்தில் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருண்டு பெருகும் ஏற்பாடு. ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்றே அதற்குப் பெயர் வந்தது. உலகமெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சி வரலாற்றில் அது பேசப்படுகிறது. பனிப்பந்து உருளும்போது பெரிதாகும். பயிற்சி உருளும்போது இளைக்கும். மேலே பத்து நாள் கேட்டது கீழே வரும்போது இரண்டு நாளாகிறது, செய்துபார்த்தது கையேடாகிறது, கையேடு சுற்றறிக்கையாகிறது. இன்றுவரை நம் மாநிலப் பயிற்சிகள் பெரும்பாலும் அதே வடிவத்தில்தான் நடக்கின்றன.

இரண்டாவது முயற்சி அளவில் சின்னது, ஆழத்தில் பெரியது. பெங்களூரிலிருந்த வட்டார ஆங்கிலக் கழகத்தோடு சேர்ந்து என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டம். பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்ப் பள்ளிகளில் சில வகுப்புகள் மட்டும். இலக்கண விதியைச் சொல்லி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லவைக்கும் வழக்கத்தை அவர் விட்டார். ரயில் கால அட்டவணையையோ ஒரு வரைபடத்தையோ கொடுத்து, இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் போக எந்த வண்டி என்று கேட்டார். குழந்தையின் கவனம் விடைமேல் இருக்கும்போது மொழி தானாக ஏறும் என்பது அவர் கணிப்பு. 1987இல் அவர் எழுதிய புத்தகத்தை இன்று பணிவழிக் கற்பித்தலின் முன்னோடி என்று உலகம் படிக்கிறது. நம் பி.எட். மாணவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்? ஐரோலி ஸ்டேஷனில் தொங்கும் தாணே–வாஷி–பன்வேல் அட்டவணையை ஒரு ஆசிரியை செல்பேசியில் படமெடுத்துப் போனால், ஒரு வாரத்துக்கு ஆங்கிலப் பாடமும் கணக்குப் பாடமும் அதிலேயே நடக்கும். பைசா செலவில்லை. ஆனால் அப்படிச் செய்யலாம் என்ற துணிவு பயிற்சியில்தான் வர வேண்டும்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சுமார் 1,800 சீனக் குழந்தைகளுக்கு எந்த உதவியும் தராமல் மற்றவர்களோடு உட்காரவைத்தார்கள். 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டால் அது சமமான கல்வி ஆகாது என்று லாவ் வழக்கில் தீர்த்தது. பிறகு அங்கேயும் ஆட்டங்கள் நடந்தன. கலிபோர்னியா 1998இல் இருமொழிக் கல்வியை வாக்கெடுப்பில் ஏறக்குறைய மூடியது, 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் திறந்தது. ஆனால் ஒன்று நிலைத்தது: ஆங்கிலம் கற்கும் குழந்தை இருக்கும் வகுப்புக்கு, கணக்கு ஆசிரியரானாலும் சரி, அதற்கான தனித் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

கனடாவில் ஜிம் கம்மின்ஸ் 1979இல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். டொராண்டோப் பள்ளிகளின் விவரங்கள் அதை உறுதிசெய்தன. விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசுகிற ஆங்கிலம் சுமார் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடப்புத்தகத்தை வாசித்து, காரணம் சொல்லி, எழுதுகிற ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பிள்ளை நன்றாகத்தான் இங்கிலீஷ் பேசுகிறது, பிறகு ஏன் அறிவியலில் மதிப்பெண் இல்லை என்று ஐரோலியில் எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் கேட்கலாம். பதில் கம்மின்ஸ் சொன்னதில் இருக்கிறது. ஒரு மொழியில் வளர்ந்த சிந்தனைத் திறன் இன்னொன்றுக்குப் பாயும், அதனால் வீட்டு மொழியை வலுப்படுத்துவது ஆங்கிலத்தையும் வலுப்படுத்தும் என்பது அவரது அடுத்த கருத்து. டொராண்டோவை அடுத்த தோர்ன்வுட் பள்ளியில் குழந்தைகள் தங்கள் வீட்டு மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒரே கதையை எழுதினார்கள், பெற்றோர் மொழிபெயர்க்க உதவினார்கள். ஆசிரியைக்கு அத்தனை மொழிகளும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியம். “நாற்பது பிள்ளைக்கு ஏழு மொழி, எல்லாவற்றையும் நான் கற்க முடியுமா?” என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். தேவைப்படுவது பேச்சுத் திறன் இல்லை. அந்த மொழி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற அறிமுகம் போதும். தமிழை எடுத்துக்கொள்வோம்.

கடல், பங்கு, அகம் மூன்றிலும் க வருகிறது. மூன்றிலும் ஒலி வேறு. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைச் சொல்லின் இடமே தீர்த்துவிடுவதால் தமிழுக்குத் தனித்தனி எழுத்து வேண்டியிருக்கவில்லை. மராத்தியில் அந்த ஒரு எழுத்தின் இடத்தில் நான்கு எழுத்துகள். தமிழ்க் குழந்தை வீடு என்ற பொருளில் ‘கர்’ என்று எழுதும்போது நான்கில் தவறான ஒன்றை எடுத்தால், அது கவனக்குறைவு ஆகாது. தன் மொழியின் விதியைச் சரியாகப் பின்பற்றுகிறது. ஆங்கிலத்திலும் இதுவே. தோளில் மாட்டும் பையும் முதுகும் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள், தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘பேக்’. இதை அறிந்த ஆசிரியை அந்த இரண்டு சொற்களையும் பத்து முறை அடுத்தடுத்துச் சொல்லவைப்பார். அறியாதவர் ‘எழுத்துப் பிழை’ என்று வட்டம் போட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்.

தமிழ்க் குழந்தை கையில் கொண்டுவரும் செல்வமும் இருக்கிறது, அதைத்தான் நாம் எண்ணுவதே இல்லை. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’, விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. மராத்தியில் அதே பிரிவு அப்படியே இருக்கிறது: ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’. இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’தான். இந்தி வீட்டுக் குழந்தை திணறும் இடத்தில் தமிழ்க் குழந்தை ஒரே நாளில் தாண்டிவிடும், யாராவது எடுத்துக்காட்டினால். எனக்குப் பசிக்கிறது என்கிறோம். மராத்தியில் ‘மலா பூக் லாக்லி’. இரண்டிலும் பசி ‘எனக்கு’ வருகிறது. ஆங்கிலத்தில் மட்டும் நானே பசித்தவளாக ஆகிறேன். மூன்று வாக்கியங்களையும் கரும்பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதினால், ‘மீ இஸ் ஹங்கிரி’ என்று குழந்தை எழுதியதன் காரணம் வகுப்பு முழுவதற்கும் விளங்கும். ‘ஷாளா’ என்று பள்ளியைச் சொல்லும்போது வரும் ள நம்முடைய ள தான். அக்காவும் அண்ணாவும் மராத்தி வீடுகளிலும் இருக்கிறார்கள்.

எண்ணுப் பெயர்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இருபத்தைந்து, ட்வென்டி ஃபைவ் இரண்டிலும் பத்து முன்னால், ஒன்று பின்னால். மராத்தியில் ‘பஞ்ச்வீஸ்’, ஐந்து முதலில் காதில் விழுகிறது. கேட்டு எழுதச் சொன்னால் தமிழ்க் குழந்தை 52 என்று எழுதிவிடும். மராத்திக் குழந்தைகளுக்கே இது கஷ்டம் என்று உணர்ந்த மாநிலப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, 2019இல் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘ஏக்வீஸ்’ என்பதோடு ‘வீஸ் ஏக்’ என்று பிரித்துச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. மராத்தியைச் சிதைக்கிறார்கள் என்று பெரும் கூச்சல் எழுந்தது. கணிதக் குழுவுக்குத் தலைமை வகித்த மங்களா நார்லிகர், ஆங்கிலத்திலும் தென்னிந்திய மொழிகளிலும் இப்படித்தான் எண்ணுகிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். அரசியல் அதைக் கேட்கவில்லை. ஒரு கணித அறிஞர் குழந்தையின் காதிலிருந்து யோசித்த அபூர்வமான தருணம் அது. நல்ல ஆசிரியர் பயிற்சி என்று நான் சொல்வது அந்த யோசனையை எல்லா ஆசிரியர்களுக்கும் பழக்குவதைத்தான்.

வீட்டுக்குத் திரும்புவோம். “வீட்ல இனிமே இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க அக்கா” என்று மூன்றாவது மாடித் தாய் ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் ஒன்பதாவது வரை தமிழில் படித்தவள். குழந்தைக்குக் கதை சொல்வாள், கறிக்கடைக் கணக்கை மனசிலேயே போடுவாள், எதிர்க்கேள்வி கேட்டுப் பிள்ளையைத் திணறவைப்பாள், எல்லாம் தமிழில். ஆங்கிலத்தில் அவளுக்குத் தெரிந்தது கம், கோ, ஈட், ஸ்லீப். பள்ளியின் பேச்சைக் கேட்டு அவள் அந்த நான்கு சொற்களுக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டால், அந்தக் குழந்தை இழப்பது ஒரு மொழியை மட்டுமா? விளக்குவதும் வாதிடுவதும் காரணம் கேட்பதும் நடந்துகொண்டிருந்த ஒரே இடம் மூடிப்போகும். பள்ளிகளுக்கு நான் ஒரே ஒரு தடை விதிக்கலாம் என்றால், இந்த அறிவுரையைத்தான் தடைசெய்வேன். சிங்கப்பூரில் தமிழ் வீடுகள் ஆங்கிலத்துக்கு மாறிய பிறகு, பள்ளியில் தமிழை மீட்க அரசு எத்தனை ஆசிரியர்களையும் எத்தனை பணத்தையும் கொட்ட வேண்டியிருக்கிறது என்று பார்த்தால், போனதைத் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

நம் அமைப்பு இருமொழி ஆசிரியரை எப்படி மதிக்கிறது என்பதற்கு மும்பையிலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. மாநகராட்சி தன் பள்ளிகளுக்கு மும்பை பப்ளிக் ஸ்கூல் என்று பெயரிட்டு ஆங்கில வழியை விரிவாக்கிய காலம். ஆசிரியர் பணிக்குத் தேர்வான சிலருக்கு, பத்தாம் வகுப்புவரை மராத்தி வழியில் படித்தவர்கள் என்ற காரணத்தால் வேலை மறுக்கப்பட்டது. 2021 தொடக்கத்தில் அவர்கள் ஆசாத் மைதானத்தில் உட்கார்ந்து போராடினார்கள். மராத்தி மானம் என்ற கோணத்தில் அது செய்தியானது. எனக்கு அதில் வேறொன்று உறுத்தியது. தாய்மொழியில் படித்து, பிறகு ஆங்கிலத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றுப் பட்டம் வாங்கியவர், எந்த இடத்தில் வலிக்கும் என்று தன் உடம்பாலேயே அறிந்தவர். முதல் தலைமுறையாக ஆங்கில வழிக்கு வரும் சேரிப் பிள்ளைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆசிரியர் யார்? அவரது ஆங்கிலம் போதாது என்றால் அதைச் சோதிக்கலாம், ஆறு மாதம் பயிற்சி தரலாம். படித்த மொழியையே குற்றமாக்குவது, பன்மொழி அறிவைச் சுமையாகப் பார்க்கும் மனப்பான்மை.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்கள் இதை மும்பைக்காரர்களின் தொல்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஐரோலியில் தமிழ்க் குழந்தை நிற்கும் இடத்தில், திருப்பூரிலும் சென்னையிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளியின் குழந்தை நிற்கிறது. திருவள்ளூர் செங்கல் சூளைப் பகுதியில் ஒடியாப் பாடப்புத்தகங்களை வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களைக் கொண்டு கற்பித்த நல்ல முன்னுதாரணம் உண்டு. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு ஓசூர்த் தெலுங்குக் குழந்தைக்கும் வாணியம்பாடி உருதுக் குழந்தைக்கும் தமிழ் கட்டாயம். அவர்களுக்குத் தமிழ் இரண்டாம் மொழி. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது தனிக் கலை. தாய்மொழியாகக் கற்பிக்கப் பழகியவர் அதே பாடத்தை மெதுவாகச் சொன்னால் போதாது. மும்பையில் நாம் கேட்கிற நீதியை ஓசூரில் நாம் தரவும் வேண்டும்.

என்ன செய்யலாம்? ‘பாடங்களினூடே மொழி’ முழுத்தாள் ஆக வேண்டும், டி.எல்.எட். படிப்புக்கும் வர வேண்டும். பயிற்சி மாணவர் தங்கள் மொழி தெரியாத குழந்தைகள் உள்ள வகுப்பில் குறைந்தது சில வாரங்கள் கற்பித்துப் பார்க்க வேண்டும். நவி மும்பையில் அப்படிப்பட்ட வகுப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. மைசூரில் 1969 முதல் இருக்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், ஒவ்வொரு மொழியைப் பற்றியும் ஆசிரியருக்கென்று பத்துப் பக்கக் கையேடு தயாரிக்கலாம்: ஒலிகள், வாக்கிய அமைப்பு, எண்கள், அந்த மொழிக் குழந்தை ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் வழக்கமாகச் செய்யும் பிழைகள். பணியில் இருப்பவர்களுக்கு மண்டபத்தில் முந்நூறு பேரை உட்காரவைத்து நடத்தும் உரைகள் பயன்படாது. மகாராஷ்டிர அரசு, டாட்டா அறக்கட்டளைகள், பிரிட்டிஷ் கவுன்சில் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘தேஜஸ்’ திட்டத்தில், அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிறு குழுவாக மாதந்தோறும் கூடி, தங்கள் வகுப்பில் நடந்ததைப் பேசினார்கள். அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளலாம். முப்பது விடைத்தாளை நடுவில் போட்டு, இது கருத்துப் பிழையா மொழிப் பிழையா என்று பத்துப் பேர் சேர்ந்து பிரித்தால், ஒரு மாலையில் கிடைக்கும் அறிவு எந்தச் சுற்றறிக்கையிலும் கிடைக்காது.

இதற்கெல்லாம் ஆணை வரவேண்டும், பணம் வரவேண்டும். ஒன்றுக்கு மட்டும் எதுவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் பள்ளிப் பொதுப் பதிவேட்டிலும், குழந்தை பள்ளியை விட்டுப் போகும்போது தரும் எல்.சி.யிலும் ‘மாத்ருபாஷா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. சேர்க்கை நாளில் எழுத்தர் அதை நிரப்புகிறார். வகுப்பாசிரியை அதைப் பார்ப்பதில்லை. சில தமிழ்ப் பெற்றோர் அங்கே கூச்சப்பட்டு இந்தி என்றோ ஆங்கிலம் என்றோ சொல்லிவிடுகிறார்கள். ஐரோலித் தமிழ்ப் பெற்றோரே, அடுத்த ஜூனில் அந்தக் கட்டத்தில் தமிழ் என்றே எழுதச் சொல்லுங்கள். ஆசிரியைகளே, பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அந்த ஒரு பத்தியை உங்கள் வருகைப் பதிவேட்டில் பெயர்களுக்கு நேராகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.